தொல்பழங்கால வீட்டு நாய்களின் உணவு: எலும்புச் சான்றும் அதன் எல்லையும்

முன்னுரை

மனிதன் பழக்கிய விலங்குகளுள் காலத்தால் முற்பட்டது நாய். உழவும் ஆடுமாடு வளர்ப்பும் தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது ஓநாய் இனத்தினின்று பிரிந்து மனிதக் குடியிருப்பை அடைந்துவிட்டது. அன்று தொட்டு மனிதன் இட்டதையும் எறிந்ததையும் உண்டு வாழ்ந்து வந்துள்ளது. ஆகவே, நாய் உண்டதை அறிந்தால் அதனை வளர்த்தோர் உண்டதையும் ஓரளவு அறியலாம் என்னும் கருத்து தொல்லியலாரிடையே வேரூன்றியுள்ளது.

தொல்குடிகளின் உணவை அறியக் கரிந்த தானியம், விலங்கெலும்பு, சமையற் கலங்கள் முதலியன நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. ஓரிடத்திற்கு எவ்வெவ்வுணவு வந்து சேர்ந்தது என்பதை இவை காட்டும். எவ்வுணவு எந்த அளவில் உடலிற் சேர்ந்தது என்பதைக் காட்டா. இக்குறையை நிறைவு செய்வது எலும்பின் வேதியியல் ஆய்வு. மனித எலும்பு கிட்டாத இடங்களிலும், கிட்டியும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாத இடங்களிலும் நாயெலும்பு அதற்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு கொள்வது எந்த அளவிற்குத் தகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எலும்பில் பதியும் உணவு

உண்ணும் உணவிலுள்ள கார்பனும் நைட்ரஜனும் எலும்பிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தில் சேர்கின்றன. இவ்விரு தனிமங்களுக்கும் எடை வேறுபட்ட, சிதையாது நிலைத்திருக்கும் ஐசோடோப்புகள் உள்ளன. அவற்றின் விகிதம் உணவுக்கேற்ப மாறுபடுகிறது.

நெல், கோதுமை, பார்லி, பயறு வகைகள், பெரும்பாலான மரஞ்செடிகள் ஆகியன சி-3 என்னும் ஒளிச்சேர்க்கை வகையைச் சார்ந்தவை. தினை, பனிவரகு, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியன சி-4 வகையைச் சார்ந்தவை. கார்பன்-13இன் அளவு முன்னவற்றில் சராசரியாக -26.5 எனவும் பின்னவற்றில் -12.5 எனவும் ஆயிரத்திற் பங்கு என்னும் அலகில் அமைகிறது. கொலாஜனில் இது ஏறத்தாழ 5 அலகு உயர்ந்து பதியும். நைட்ரஜன்-15இன் அளவோ உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் 3 முதல் 5 அலகு வரை உயர்கிறது. ஆதலின் இறைச்சியும் மீனும் மிகுதியாக உண்ட உயிரியை இதனால் இனங்காண இயலும்.

வோகல், வான் டெர் மெர்வே ஆகியோர் 1977இல் நியூயார்க் பகுதியின் பண்டை மனித எலும்புகளைக் கொண்டு மக்காச்சோளத்தின் வருகையை ஆராய்ந்தமை இம்முறைக்குத் தொல்லியலில் இடம் பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டே பர்லியும் பிராத்வெலும் பெரு, ஈக்வடார் நாடுகளின் பண்டை நாய்களை இம்முறைக்கு உட்படுத்தி, அவற்றின் உணவில் மக்காச்சோளத்தின் பங்கை ஆராய்ந்தனர். நாயின் உணவாய்வு மனித உணவாய்வுடன் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மனிதருக்கு ஈடாக நாய்

கொலாஜனைப் பிரித்தெடுக்க எலும்பின் ஒரு சிறு துண்டை அமிலத்திற் கரைத்தல் வேண்டும். அத்துண்டு மீளாது. தம் முன்னோர் எலும்பு இவ்வாறு அழிக்கப்படுவதைத் தொல்குடி மக்கள் பலர் ஏற்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1990இல் இயற்றப்பட்ட கல்லறைப் பாதுகாப்புச் சட்டம், தொல்குடியினரின் எச்சங்களை அவர்தம் வழித்தோன்றல்களிடம் ஒப்படைக்க வழிசெய்தது. இந்நிலையில் நாயெலும்பின் மதிப்பு உயர்ந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள நமு என்னுமிடத்தில் மக்களின் கடலுணவுச் சார்பு நாயெலும்பைக் கொண்டு ஆராயப்பட்டு, 1999இல் அதன் முடிவுகள் வெளியாயின.

எனவே, நாய் நம்பத்தகுந்த சான்றா என்னும் வினா ஆய்வு நுட்பம் பற்றியது மட்டுமன்று. இறந்தோரின் அமைதியைக் கலைக்காமல் அவர்தம் வாழ்வை அறிய முடியுமா என்பதும் இதில் அடங்கியுள்ளது.

சீமர் கார் நாய்

ஒரே அளவீடு இருவேறு முடிவுகளுக்கு இடந்தரும் என்பதற்கு இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதி நாய் தக்க எடுத்துக்காட்டு. அங்கு, இன்று மறைந்துபோன ஓர் ஏரியின் கரையில் இடைக்கற்கால மக்கள் வாழ்ந்தனர். ஏரிக்கரைக் குடியிருப்புகளுள் ஸ்டார் கார் என்பதை கிரகாம் கிளார்க் 1949 முதல் 1951 வரை அகழ்ந்தார். அதனை அடுத்துள்ள சீமர் கார் என்னுமிடத்தில் கிடைத்த நாயெலும்பை ஜூலியட் கிளட்டன்-பிராக், நன்னா நோ-நைகார்டு ஆகியோர் ஆராய்ந்து 1990இல் முடிவை வெளியிட்டனர்.

அவ்வெலும்பின் கார்பன் அளவு -15ஐ ஒட்டியிருந்தது. நிலத்து உணவை மட்டும் உண்டிருப்பின் அது -21ஐ ஒட்டியே அமைந்திருக்கும். அக்காலத்து இங்கிலாந்தில் சி-4 தானியம் எதுவும் பயிராகவில்லை. ஆகவே அந்நாய் கடலுணவை மிகுதியாக உண்டிருத்தல் வேண்டும் என அவர்கள் கருதினர். அன்று கடல்மட்டம் தாழ்ந்திருந்தமையால் கடற்கரை இன்றுள்ளதைவிடத் தொலைவில் இருந்தது. எனவே ஏரிக்கரை வேட்டுவர் ஆண்டின் ஒரு பகுதியைக் கடற்கரையில் கழித்தனர் என்னும் முடிவிற்கு ஒரு நாயின் எலும்பு அடிப்படையாயிற்று.

பெட்ரா டே இதனை 1996இல் மறுத்தார். சுண்ணாம்பு மிகுந்த ஏரிநீரில் வளரும் தாவரங்களிலும் கார்பன்-13இன் அளவு உயர்ந்திருக்கக் கூடும்; அவற்றைச் சார்ந்த உயிர்களை உண்ட நாயின் எலும்பிலும் அவ்வுயர்வு தோன்றலாம் என்பது அவர் வாதம். 2002இல் ஷுல்ட்டிங், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் மேலும் சில அளவீடுகளைக் கொண்டு கடலுணவுக் கருத்திற்கு வலுச்சேர்த்தனர். அதற்கும் 2003இல் மறுமொழி எழுந்தது.

இவ்வாதத்தில் அளவீட்டைப் பற்றிய ஐயம் முதன்மை பெறவில்லை. அதனை எதனோடு ஒப்பிடுவது என்பதே வழக்காக அமைந்தது. அவ்வட்டாரத்து நீர், செடி, மீன், பறவை ஆகியவற்றின் அளவை அறியாது நாயின் அளவை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் இயலாது என்பதை இது உணர்த்துகிறது.

பனிவரகு உண்ட நாய்

சீனாவின் கான்சு மாநிலத்திலுள்ள டாடிவான் என்னும் குடியிருப்பில் இவ்வொப்பீடு தெளிவாக அமைந்தது. லூகாஸ் பார்ட்டனும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அங்குள்ள நாய், பன்றி ஆகியவற்றின் எலும்புகளை ஒப்பிட்டது. ஏறத்தாழ 7,900 முதல் 7,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட முதற் கட்டத்தில் பன்றிகளின் எலும்பு காட்டுணவையே காட்டியது. ஆனால் அதே கட்டத்து நாய்களிற் சில சி-4 உணவை மிகுதியாக உண்டிருந்தன. அவ்வட்டாரத்து இயற்கைத் தாவரங்களுட் பெரும்பாலானவை சி-3 வகையின. ஆதலின் நாய்க்குக் கிட்டிய சி-4 உணவு மனிதர் அறுவடை செய்து சேமித்த பனிவரகே எனக் கொள்ளப்பட்டது. ஆண்டு முழுவதும் அது கிட்டியிருப்பதால், குளிர்காலத்திலும் வீட்டில் தானியம் இருந்தமை புலனாகிறது. பிற்கட்டத்தில் பன்றியும் அவ்வுணவைப் பெற்றது. வேட்டையாடப்பட்ட விலங்கு வீட்டு விலங்காக மாறிய காலத்தை இவ்வொப்பீட்டால் வரையறுக்க முடிந்தது.

யார்க்சயரில் ஐயத்திற்கு இடமான சான்று டாடிவானில் தெளிவு பெற்றமைக்குக் காரணம், காட்டுணவும் வீட்டுணவும் அங்கு வேதியியலால் வேறுபட்டிருந்தமையே ஆகும்.

மரபணுவும் கழிவெச்சமும்

தானிய உணவு நாயின் உடலமைப்பையும் மாற்றியது. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்குரிய மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகளே உள்ளன. நாய்களுக்கு 4 முதல் 30 வரை உள்ளன என எரிக் ஆக்செல்சன் முதலியோர் 2013இல் காட்டினர். ஐரோப்பாவின் பண்டை நாய்களை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, இப்பெருக்கம் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதை உணர்த்தியது. உழவு பெரிதும் பரவாத சூழலில் வாழ்ந்த டிங்கோ நாய்க்கு இப்பெருக்கம் இல்லை.

இத்தாலியின் சொலரோலோ என்னும் வெண்கலக் கால இடத்தில் கிடைத்த 13 நாய்க் கழிவெச்சங்கள் பற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. மரபணுப் பெருக்கம் குறைவாக இருந்த அந்நாய்களின் குடலில் மாவுப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மிகுந்திருந்தன. உடல் மாறுவதற்கு முன்னரே குடல் நுண்ணுயிர்கள் புதிய உணவிற்குத் துணைநின்றன என்பது இதனாற் பெறப்படும்.

ஈடு கொள்வதன் எல்லை

நாய்ச் சான்றுகளைத் தொகுத்து எரிக் கைரி 2012இல் வெளியிட்ட திறனாய்வு, நாயை மனிதருக்கு அப்படியே ஈடாகக் கொள்ளாமல், தக்க ஒப்புமையாக மட்டும் கொள்ள வேண்டும் என்பதை வலியுறுத்தியது. மனிதர் தின்றது தசை. நாய்க்குக் கிடைத்தது எலும்பும் குடலும். மனிதக் கழிவையும் நாய் உண்டது. பால் குடித்த குட்டியின் எலும்பில் நைட்ரஜன் அளவு உயர்ந்து தோன்றும். ஆதலின் அகவை அறியாது அதனை ஆய்விற் சேர்த்தல் பிழைக்கு வழிவகுக்கும். வேட்டை நாய்க்கும் தெருநாய்க்கும் கிட்டிய உணவு ஒன்றன்று. இன்னும், கடலுணவு உண்ட நாயின் கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பு உண்மையினும் சில நூறு ஆண்டுகள் முற்பட்டதாகத் தோன்றக் கூடும்.

இந்தியச் சூழல்

காஷ்மீரின் புர்சஹோமில் 1960 முதல் 1971 வரை நிகழ்ந்த அகழாய்வு, புதிய கற்கால மக்கள் மனிதருடன் நாயையும் புதைத்ததை வெளிப்படுத்தியது. சிந்துவெளியின் சான்ஹுதாரோவில் நாயின் காலடி பதிந்த செங்கல் கிடைத்துள்ளது. இவை நாய் மனிதருடன் வாழ்ந்ததற்குச் சான்றாகுமேயன்றி அது உண்டதைக் கூறா.

வெப்பம் மிகுந்த நிலங்களில் கொலாஜன் விரைவில் சிதைகிறது. எனவே இத்தகைய ஆய்வு இங்குப் பல்லின் மிளிரியை நாட வேண்டியுள்ளது. மிளிரியின் கார்பன் நெடுங்காலம் நிலைக்கும். ஆயினும் நாயின் பல் மிளிரி குட்டிப் பருவத்திலேயே உருவாகிவிடுவதால் பிற்கால உணவை அது காட்டாது.

மற்றொரு சிக்கல் இதனினும் பெரிது. தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் சிறுதானியங்களையும் பயறுகளையும் பயிரிட்டனர். சிறுதானியம் சி-4, பயறும் நெல்லும் சி-3. டாடிவானில் போன்று இங்கும் பிரித்தறியலாம் எனத் தோன்றும். ஆனால் வெப்பநாட்டுப் புல்வகைகளும் பெரும்பாலும் சி-4 வகையினவே. குஜராத்தின் பாகசராவில் ஹரப்பாக் கால மாடுகளின் பற்கள் சி-4 உணவையே மிகுதியாகக் காட்டின. அத்தகைய மாட்டின் இறைச்சியை உண்ட நாயும் சிறுதானியக் கஞ்சி குடித்த நாயும் கார்பன் அளவில் ஒத்தே தோன்றும். ஆகவே நைட்ரஜன் அளவையும் உடன் கிடைத்த ஆடுமாடுகளின் அளவையும் இணைத்து நோக்காமல் இந்திய நாயெலும்பைக் கொண்டு உழவின் வரலாற்றை எழுதுதல் பொருந்தாது.

முடிவுரை

நாயின் எலும்பு முதற்கண் நாயின் வாழ்வையே உரைக்கிறது. இட்டவர் யார், எஞ்சியது எது என்பவற்றின் வாயிலாகவே அது மனித உணவைச் சுட்டுகிறது. சீமர் கார், டாடிவான் ஆகிய இரண்டும், வட்டாரச் சூழலின் அளவுகளை முதலில் அறிந்த பின்னரே நாயின் அளவிற்குப் பொருள் கூற இயலும் என்பதைத் தெளிவுபடுத்துகின்றன. இந்தியாவில் அகழாய்வுகளில் கிடைக்கும் நாயெலும்புகளை இனப்பட்டியலில் ஒரு பெயராகக் குறித்து அமையாமல், அகவை, கிடைத்த இடம், உடன் கிடைத்த விலங்குகள் ஆகிய விவரங்களுடன் பேணுதல் வேண்டும். அவ்வாறு பேணினால், மனிதரின் ஈமங்களைச் சிதைக்காமலே அவர்தம் உணவு வரலாற்றின் ஒரு பகுதியை எழுதும் வாய்ப்புக் கிட்டும்.