சிறிய நீர்மூழ்கிக்குக் காந்த உந்துகை பொருந்துமா?

கடல்நீரில் மின்னோட்டத்தைப் பாய்ச்சி, அதற்குச் செங்குத்தாக வலுவான காந்தப்புலம் அமைத்தால், இரண்டுக்கும் செங்குத்தான திசையில் நீர் தள்ளப்படும். புரொப்பெல்லர் வேண்டாம், தண்டு வேண்டாம், தண்டைச் சுற்றி நீர்க்கசிவைத் தடுக்கும் அடைப்பும் வேண்டாம். அசையும் உறுப்பே இல்லாத இம்முறை சிறிய நீர்மூழ்கிகளுக்கு ஏற்றது என்று தோன்றுவது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இம்முறையின் குறையாக வழக்கமாகச் சொல்லப்படுவது கடல்நீரின் மின்கடத்துத்திறன். அது மீட்டருக்கு ஏறத்தாழ 5 சீமன்ஸ். செம்பு அதைவிட ஒரு கோடி மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். இக்குறை பெரிய கலத்துக்கும் சிறியதுக்கும் பொது. காந்தப்புலத்தை உயர்த்தி இதை ஈடுகட்டலாம், ஏனெனில் உந்துவிசை புலத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்கிறது, ஆற்றலில் பாதி வீணாகிறது என்று கொள்வோம். 1 டெஸ்லாவில் ஒரு கனமீட்டர் நீருக்குக் கிடைப்பது வெறும் 10 நியூட்டன். 20 டெஸ்லாவில் 4000.

சிறிய கலத்தை உண்மையில் முடக்குவது மின்முனை. கடல்நீர் அங்கே மின்பகுப்புக்கு உள்ளாகிறது: எதிர்முனையில் ஹைட்ரஜன், நேர்முனையில் பெரும்பாலும் குளோரின். இதற்கென்றே ஏறத்தாழ 2 வோல்ட் போய்விடும். நீர் பாயும் குழாய் அகலமானாலும் குறுகினாலும் இந்த இழப்பு மாறாது. நீரைத் தள்ளப் பயன்படும் மின்னழுத்தமோ வேகம், காந்தப்புலம், மின்முனைகளின் இடைவெளி ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே 5 செ.மீ. இடைவெளி, 0.5 டெஸ்லா, நொடிக்கு 2 மீட்டர் என்று வைத்தால் அது 0.05 வோல்ட். பேட்டரி தரும் ஆற்றலில் நூற்றில் இரண்டரைப் பங்குகூட உந்துகைக்குச் சேராது. நுட்பமான வேலைப்பாட்டால் இதைத் திருத்த முடியாது. கலம் சிறுக்கச் சிறுக்க விகிதம் இன்னும் மோசமாகும்.

1992-இல் கோபே துறைமுகத்தில் ஓடிய ஜப்பானின் யமாட்டோ-1 மேற்பரப்புக் கப்பல்தான், ஆனாலும் ஒப்பீட்டுக்கு உதவும். நீளம் 30 மீட்டர், எடை 185 டன். திரவ ஹீலியத்தில் குளிர்ந்த நையோபியம்-டைட்டானியம் மீக்கடத்திச் சுருள்கள் 4 டெஸ்லா தந்தன. குழாய் கால் மீட்டர் அகலம், நீர் நொடிக்கு 4 மீட்டர் என்று கொண்டால் பயன்படு மின்னழுத்தம் 4 வோல்ட் ஆகிறது. மின்முனை இழப்பை முதன்முறையாக அது மிஞ்சுகிறது. அப்படியும் கப்பலின் மொத்த ஆற்றல்திறன் சில விழுக்காட்டைத் தாண்டவில்லை, ஏனெனில் அந்த உடலைத் தள்ளப் புலமும் குழாயின் கொள்ளளவும் போதவில்லை. ஹீலியக் குளிர்கலங்களின் சுமையைச் சிறிய நீர்மூழ்கி எங்கே தாங்கும்?

இம்முறை ஓசையற்றது என்ற வாதமும் அரைகுறையானது. புரொப்பெல்லர் அலகுகளின் இரைச்சல் நீங்கினாலும் மின்முனைக் குமிழ்கள் இருக்கின்றன. வெளியே கசியும் காந்தப்புலமோ கலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவின் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்பா 2023-இல் அறிவித்த ‘பம்ப்’ திட்டம் மின்முனைப் பொருள்களையே மையமாக்கியது சரியான தேர்வு. புதிய மீக்கடத்திகளால் 20 டெஸ்லா எட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட நிலையில், அரிப்பையும் குமிழையும் தாங்கும் முனைதான் இன்னும் கைகூடாமல் இருக்கிறது.

சிறிய மாதிரியின் தோல்வியைக் கொண்டு பெரிய கலத்தை நிராகரிப்பதும் தவறு. 1966-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஸ்டூவர்ட் வே தம் மாணவர்களோடு ஓட்டிய இஎம்எஸ்-1 சுமார் 3 மீட்டர் நீளமுள்ள நீர்மூழ்கி. 0.015 டெஸ்லா புலத்தில் நொடிக்கு 0.4 மீட்டர்தான் நகர்ந்தது. ஒரு மீட்டர் இடைவெளி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் பயன்படு மின்னழுத்தம் 0.006 வோல்ட். வே இதை நன்கு அறிந்தவர். 1968-இல் அவர் வெளியிட்ட ஆய்வு பேசியது சரக்கு நீர்மூழ்கிகளைப் பற்றி.