டிஜிட்டல் இடைவெளி: வில்லியனூரில் இருந்து கல்வராயன் மலை வரை

1995-ல் அமெரிக்க வணிகத்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. யார் வீட்டில் தொலைபேசி இருக்கிறது, யார் வீட்டில் கணினியும் மோடமும் இருக்கின்றன என்று கணக்கெடுத்த அறிக்கை அது. 'டிஜிட்டல் இடைவெளி' என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில்தான். அங்கே கேள்வி மோடம் இருக்கிறதா இல்லையா என்பது. நம் ஊர்களிலோ கரண்ட் இருக்கிறதா என்பதில் இருந்தே தொடங்க வேண்டியிருந்தது!

இந்தியாவில் இதை முதலில் செய்து பார்த்த இடங்களில் ஒன்று புதுச்சேரி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் கனடாவின் நிதியுதவியோடு வில்லியனூரை மையமாக வைத்து 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் தொலைபேசி இணைப்பை நம்ப முடியாத காலம். அதனால் வி.எச்.எஃப் ரேடியோ மூலம் மையத்தையும் கிராமங்களையும் இணைத்தார்கள்; மின்வெட்டுக்குச் சூரிய மின்தகடுகள் வைத்தார்கள். இடத்தைக் கிராமம் தர வேண்டும், நடத்துவதும் கிராமத்துத் தன்னார்வலர்கள் (பெரும்பாலும் பெண்கள்). முக்கியமான நிபந்தனை இன்னொன்று: சாதி பார்க்காமல் எல்லோரும் உள்ளே வர அனுமதி வேண்டும். தொழில்நுட்பத் திட்டத்தில் சாதிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கிராமத்தைப் பார்க்காதவர்கள்.

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது இணையம் அல்ல, நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் என்ற ஒரே தகவல்! அது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்தது. வில்லியனூரில் அதை இறக்கித் தமிழாக்கிக் கிராமத்துக்கு அனுப்ப, அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கேட்குமே! 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தைக் காப்பாற்றியதும் இதே போன்ற ஒலிபெருக்கிதான். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, தகவல் மையத்தின் ஒலிபெருக்கி ஊரையே வெளியேறச் சொன்னது. அன்று கைகொடுத்தவை ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, அதை உடனே இயக்கத் தெரிந்த ஆட்கள்.

அடுத்தது மேலூர். 2001-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களும் சேர்ந்து மதுரை மாவட்டக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். (இன்று ஒரு புகைப்படம் அனுப்பக்கூட முணுமுணுப்போம்!) பிறப்புச் சான்று, இறப்புச் சான்றுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வெப்கேமரா படம் அனுப்பி ஆலோசனையும் கேட்டார்கள்.

சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் தொழில்நுட்பத்தைவிட நிர்வாகமே கவனிக்கத்தக்கது. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் மின்னாளுகைச் சேவை நின்றுவிட்டது. அது அரசு அலுவலகத்தின் வழக்கமான வேலையாக மாறவே இல்லை. மையத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த இளைஞர்கள், ஆண்கள். கணினியை ஊருக்குள் வைத்தாலும், ஏற்கெனவே ஒரு படி மேலே இருந்தவர்களே முதலில் வந்து உட்கார்ந்தார்கள்.

இனி கல்வராயன் மலை. வில்லியனூரில் இருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். ஆனால் கார்டெக்ட் போன்ற கருவிக்குக் கோபுரமும் ஆண்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். சமவெளியில் ஒரு கோபுரம் சுற்றிலும் பத்து கிலோமீட்டருக்கு எட்டும். மலையில் ஒரு முகடு குறுக்கே வந்தால் போதும், மறுபக்கத்துக் கிராமம் இருட்டு. செல்போன் கோபுரத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஆட்கள் குறைவு, வருமானம் குறைவு, கோபுரத்துக்கு மின்சாரமும் பாதையும் கொண்டுபோகச் செலவு அதிகம். தனியார் நிறுவனம் தானாக ஏறி வராது.

மலையின் வரலாறும் வேறு. மலையாளி பழங்குடியினர் வாழும் இந்தப் பகுதி மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசு அதை நேரடியாக எடுத்துக்கொண்டது 1976-ல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! சமவெளியில் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் இருக்கும் பட்டா, பத்திரம், சான்றிதழ் எல்லாம் இங்கே தாமதமாக வந்த சரக்கு. இன்று சாதிச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், சரி. ஆனால் இணைப்பதற்குப் பழைய ஆவணம் கேட்கிறதே, அது எங்கே இருக்கும்? சிக்னல் கிடைத்தாலும் தீராத இடைவெளி இது.

தமிழ்நாட்டில் பாரத்நெட் திட்டம் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் கல்வராயன் மலை ஒன்றியத்தில் ஊராட்சிகள் 15, குக்கிராமங்களோ நூற்றைம்பதுக்கு மேல். இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றால் கணக்கில் அந்த ஊராட்சி 'இணைக்கப்பட்டது' ஆகிவிடும். ஓடை தாண்டி இருக்கும் ஊர் அப்படியே இருக்கும்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது பாடங்கள் இணையத்துக்கும் கல்வித் தொலைக்காட்சிக்கும் போயின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முழுதாகத் திறக்க 2021 நவம்பர் ஆனது. இடையில் 2021 அக்டோபரில், அப்போது கள்ளக்குறிச்சி பிரிந்துபோயிருந்த விழுப்புரம் மாவட்டத்தில்தான், 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. திரையில் விட்டுப்போனதைப் பிடிக்கத் தன்னார்வலர்கள் தெருவுக்கு வந்து பாடம் நடத்தினார்கள். வில்லியனூர்க் கிராமங்களில் 1998-ல் செய்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள், இரண்டிலும் நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார்!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அங்கே பேசப்பட்டவை சாலை, மருத்துவம், பள்ளி போன்ற அடிப்படை வசதிகள்.