பாரிசு நகரின் இரண்டு இரவுகள்



நெருப்பில்லாமல் புகையாது என்பது முதுமொழி. ஆயின், புகையைக் காட்டாமலே உயிரைக் குடிக்கும் நெருப்பும் உலகில் உண்டு. குளிர் நாட்டு மக்களின் வீட்டு உலைகளில் அது நெடுங்காலமாகக் குடியிருந்து வருகிறது. கேடு செய்யுமுன் அது சில அறிகுறிகளைக் காட்டும். அவற்றைக் கண்டும் பொருள் அறியாது போன இருவர் வரலாற்றை இன்று சொல்லப் புகுகிறேன். இரண்டும் பாரிசு நகரில் நிகழ்ந்தவை.

முதல் நிகழ்ச்சி கி.பி. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. பாரிசுக்கு அந்நாளில் லுத்தேசியா என்று பெயர். பின்னாளில் உரோமப் பேரரசனாக விளங்கிய ஜூலியன் அங்கே தங்கியிருந்தான். அவ்வாண்டு கடுங்குளிர், ஆற்றில் பனிக்கட்டிகள் பாளம் பாளமாக மிதந்தன. எளிய வாழ்வை விரும்பிய அவன், தன் அறையைச் சூடேற்ற நெடுநாள் இசையவில்லை. இறுதியில் குளிர் தாங்காமல் சில தணற்கரிகளை மட்டும் கொண்டுவரச் செய்தான். சிறிது நேரத்தில் தலை கனத்தது, உறக்கம் அழுத்தியது, மூச்சு முட்டுமோ என்று அஞ்சினான். ஏவலர் அவனை வெளியே தூக்கிச் சென்றனர், பிழைத்தான். இதனை அவனே பின்னர் அந்தியோக்கியா நகரில் இருந்தபோது ஒரு நூலில் எழுதி வைத்தான். ஆனால், அவன் குற்றம் சாட்டியது கரியை அன்று, சுவரின் ஈரத்தை! சூடு பட்டதும் சுவரிலிருந்து கிளம்பிய ஆவியே தன்னை மயக்கிற்று என நம்பினான்.

இனி, 1902ஆம் ஆண்டுக்கு வருவோம். பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி சோலா, செப்டம்பர் 28ஆம் நாள் கோடை இல்லத்திலிருந்து பாரிசு வீட்டுக்குத் திரும்பினார். படுக்கையறையில் நிலக்கரி மூட்டப்பட்டது. சன்னல்கள் அடைத்திருந்தன. நள்ளிரவுக்குப் பின் கணவருக்கும் மனைவிக்கும் உடல்நலம் கெட்டது. உணவு செரிக்கவில்லை போலும் என எண்ணி, உறங்கும் பணியாளரை எழுப்பாமல் இருந்துவிட்டனர். காலையில் கதவை உடைத்துப் பார்த்தபோது சோலா தரையில் கிடந்தார். அவர் உயிர் பிழைக்கவில்லை; மனைவியார் பிழைத்தார். பின்னர் அதே அறையில் நெருப்பு மூட்டிச் சோதித்தபோது, அங்கு விடப்பட்ட சீமைப்பெருச்சாளிகள் சாகவில்லை. விபத்து என்று வழக்கு முடிந்தது. டிரைபசு வழக்கில் அவர் காட்டிய துணிவால் பகைமை எழுந்திருந்தது. ஒருவன் வேண்டுமென்றே புகைபோக்கியை அடைத்தான் என்றொரு செய்தி 1953இல் பத்திரிகையில் வெளிவந்தது. அது மெய்ப்பிக்கப்படவில்லை.

அடைத்தது எவராயினும், கொன்றது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. எரிபொருளுக்குப் போதிய காற்றுக் கிடைக்காதபோது அது பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 200 மடங்கு வலிமையுடன் அது பற்றிக்கொள்ளும். அவ்வாயு குருதியிலுள்ள ஆக்சிஜனை விரட்டுகிறது என்பதைக் கிளாடு பெர்னார்டு என்ற பேரறிஞர் பாரிசு நகரிலேயே ஆராய்ந்து, 1857இல் நூலாக வெளியிட்டார். பிரிட்டனில் ஹால்டேன் என்பவர் சுரங்கச் சாவுகளை ஆராய்ந்து 1896இல் அறிக்கை தந்தார். மனிதருக்கு முன் சிற்றுயிர்களை இவ்வாயு தாக்கும் என்று அவர் காட்டியதால், சுரங்கத்துள் கூண்டுப் பறவைகள் காவலாயின. ஆகவே, சோலா இறந்த ஆண்டில் அறிவு இல்லாமல் இல்லை. நூலில் இருந்த அறிவு படுக்கையறை வரை வந்து சேரவில்லை, அவ்வளவே.

இதைச் சொல்லும் தகுதி எனக்கும் உண்டு. இளமையில் நீலகிரியில் ஆசிரியப் பணி ஏற்றபோது, மார்கழிக் குளிருக்கு அஞ்சி, நானும் நண்பரும் குமுட்டி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தோம். விடியுமுன் இருவருக்கும் தலைவலி, குமட்டல். இரவு உண்ட உணவின்மேல் பழி போட்டோம்! நல்வேளையாக, தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டினோம். வீட்டுக்கார அம்மையார் உள்ளே எட்டிப் பார்த்ததும், “முதலில் அந்தக் கரியை வெளியே எடுங்கள், தம்பி” என்றார். அவர் பெர்னார்டைப் படித்தவர் அல்லர், குளிரோடு வாழ்ந்தவர்.

இன்று குளிர் நாடுகளில் பல வீடுகளில் நிலவறையில் எரிவாயு உலை அமைத்து, குழாய் வழியே அறைதோறும் வெங்காற்றைச் செலுத்துகின்றனர். உலை பழுதுற்றால் அறிகுறிகள் தோன்றும். நீலமாய் நிலைத்து எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகி ஆடும். உலையருகே கரி படியும். சன்னற் கண்ணாடியில் வழக்கத்துக்கு மாறாக நீர் கோக்கும். வீட்டிலுள்ளோர் பலருக்கும் ஒருங்கே தலைவலி வரும். வெளியே சென்றால் நீங்கும். வளர்ப்பு விலங்குகளும் சோர்ந்து கிடக்கும். பறவையின் காவலை இப்போது மின்கருவி ஏற்றுள்ளது. ஆயினும், கருவி ஒலித்தபின் எழுந்து வெளியேற வேண்டியவன் மனிதனே.

அரசன் சுவரைக் குறை கூறினான். எழுத்தாளர் உணவைக் குறை கூறினார். நானும் அவ்வாறே செய்தேன். அறிகுறி வந்தும், பழகிய காரணத்தையே மனம் நாடுகிறது. ஆகவே, மாணவர்களே, மூடிய அறையில் கரி மூட்டாதீர்கள். ஓர் அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலை சுற்றினால், காரணம் ஆராயுமுன் வெளியே வாருங்கள். ஆராய்ச்சியைத் தூய காற்றில் நின்று செய்யலாம்.