டாட்டூ குத்தப் போறீங்களா? முதல்ல இடத்தைப் பாருங்க... அப்புறம் டிசைன்!

என் வலது கை நடுவிரலின் பக்கவாட்டில் 'அம்மா' என்று எழுதியிருக்கிறது. சரியாகச் சொன்னால், எழுதியிருந்தது. முதல் சம்பளம் வந்த கையோடு குத்திக்கொண்டது. இரண்டே வருடத்தில் 'ம்' மேலே இருந்த புள்ளி காணாமல்போய், இப்போது 'அமமா' என்று நிற்கிறது. "இதுக்காடி முதல் சம்பளத்தைச் செலவழிச்ச?" என்று அம்மா இன்னமும் கேட்கிறார்.

குத்திவிட்டவர் மேல் தப்பில்லை. "விரல்ல நிக்காதுங்க, முன்கையில போட்டுக்கலாமே" என்று அவர் சொல்லத்தான் செய்தார். இன்ஸ்டாவில் பார்த்த போட்டோ என் கண்ணை மறைத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் என் பாட்டியின் முன்கையில் ஒரு கோலம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால், ஊருக்கு வந்த குறவர் சமூகப் பெண் ஒருவர் பச்சை குத்திவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோடு கொஞ்சம் பரவி, நிறம் நீலப்பச்சையாக மாறியிருக்கிறது. ஆனால், ஒரு புள்ளிகூடக் குறையவில்லை!

பாட்டிக்கு நின்றது, எனக்கு ஏன் நிற்கவில்லை? டாட்டூ குத்த ஆசைப்படும் எல்லோரும் ஸ்டூடியோ வாசலை மிதிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். டிசைனையும் இடத்தையும் தனித்தனியாக முடிவு செய்யக் கூடாது. இடம்தான் டிசைனின் அளவையும், கோட்டின் தடிமனையும், அது எத்தனை வருடம் தாங்கும் என்பதையும் தீர்மானிக்கிறது.

மை எங்கே போய் உட்கார்கிறது?

நம் தோலின் மேலடுக்கு ஏறத்தாழ மாதம் ஒருமுறை உதிர்ந்து புதுசாகிக்கொண்டே இருக்கும். அங்கே மை வைத்தால் மருதாணி மாதிரி போய்விடும். அதனால்தான் டாட்டூ ஊசி அதற்குக் கீழே இருக்கும் இரண்டாவது அடுக்கில் மையை இறக்குகிறது.

உள்ளே வந்த மையை உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். நோய் எதிர்ப்பு செல்கள் ஓடிவந்து அதை விழுங்கும். ஆனால், ஜீரணிக்க முடியாது. அந்த செல் இறந்தால் மை வெளியே வரும், பக்கத்தில் இருக்கும் புது செல் அதை மறுபடி விழுங்கும். 2018-ல் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். டாட்டூ நிரந்தரமாக இருப்பதற்குக் காரணமே இந்தக் கைமாற்றல்தான்.

வருடங்கள் போகப்போக மை கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். மெல்லிய கோடு தடிக்கும். நெருக்கமான இரண்டு கோடுகள் ஒட்டிக்கொள்ளும். சின்ன ஓட்டைகள் அடைபடும். பாட்டியின் கோலத்தில் கோடுகள் தடிமனானவை, நடுவே தாராளமான இடைவெளி. பரவினாலும் கெட்டுப்போக வழியில்லை. என் விரலில் இருந்ததோ, கடுகு சைஸில் ஒரு புள்ளி!

எந்த இடம், எப்படி?

*முன்கை, மேல்கை, கெண்டைக்கால்:* முதல் டாட்டூவுக்கு நல்ல இடங்கள். சதை இருப்பதால் வலி குறைவு, தோலும் அதிகம் இழுபடாது. கொஞ்சம் நுணுக்கமான டிசைன்கூட இங்கே தாங்கும். மணிக்கட்டுக்கு நீளவாக்கில் செல்லும் எழுத்துகளுக்கு முன்கையின் உட்பக்கம் சரியான இடம்.

*விரல், உள்ளங்கை ஓரம், பாதம்:* தோல் வேகமாகத் தேயும் இடங்கள். கை கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது, செருப்பு உரசுவது என தினமும் அடி வாங்கும். இங்கே போட்டால் திரும்பத் திரும்ப 'டச்-அப்' செய்ய வேண்டிவரும். எழுத்து வேண்டவே வேண்டாம்.

*விலா, முதுகெலும்பு, கணுக்கால், அக்குள் பக்கம்:* எலும்புக்கு மேல் சதை குறைவாகவோ, தோல் மெலிதாகவோ இருக்கும். நல்லா வலிக்கும். விலாவில் மூச்சு விடும்போதெல்லாம் தோல் அசைவதால், குத்துபவருக்கும் கஷ்டம்.

*வயிறு, இடுப்பு, தொடை:* எடை கூடிக் குறையும்போது டிசைனும் சேர்ந்து மாறும். வட்டம், முகம், நேர்கோடு போன்றவற்றை இங்கே தவிர்க்கலாம். கொடி, பூ மாதிரி வளைந்து போகும் டிசைன்கள் பரவாயில்லை.

நம்ம ஊர் வாழ்க்கையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் டூவீலர் ஓட்டுகிறீர்களா? முன்கையின் மேல்பக்கமும் புறங்கையும் வெயிலில் வறுபடும், நிறம் சீக்கிரம் மங்கும். லேப்டாப் பேக் ஸ்ட்ராப் அழுத்தும் தோள்பட்டை, வாட்ச் கட்டும் மணிக்கட்டு, ஜீன்ஸும் பாவாடை நாடாவும் இறுகும் இடுப்பு... இங்கெல்லாம் புண் ஆறும் வரை உரசிக்கொண்டே இருக்கும்.

தழும்பை ஒருமுறை தடவிப் பாருங்கள்

சின்ன வயதில் இடது மேல்கையில் போட்ட பி.சி.ஜி தடுப்பூசித் தழும்பு சிலருக்குத் தட்டையாக இருக்கும். சிலருக்கு மேடாக, பளபளவென்று வளர்ந்திருக்கும். காது குத்திய இடத்தில் கட்டி போல் வந்தவர்களும் உண்டு. இதற்குப் பெயர் 'கீலாய்டு'. காயம் ஆறும்போது தழும்பு தேவைக்கு மேல் வளர்வது. உங்களுக்கோ, அப்பா அம்மாவுக்கோ இது இருந்தால் தோல் மருத்துவரைக் கேட்காமல் டாட்டூ பக்கமே போகாதீர்கள். நடு மார்பு, தோள்பட்டை இரண்டும் கீலாய்டு அதிகம் வரும் இடங்கள்.

மச்சத்தின் மேல் குத்தவும் கூடாது. பின்னாளில் அதன் வடிவமோ நிறமோ மாறினால், மருத்துவரால் கண்டுபிடிக்க முடியாது.

அந்த கலர் நமக்கு வருமா?

வெள்ளைத் தோலில் போட்ட வாட்டர்கலர் டாட்டூவை போனில் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று கேட்பவர்கள் நிறைய. மை இருப்பது தோலின் இரண்டாவது அடுக்கில், நம் நிறம் இருப்பது அதற்கு மேல் அடுக்கில். பழுப்புக் கண்ணாடி வழியாக ஓவியத்தைப் பார்ப்பது மாதிரிதான். மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு எல்லாம் மங்கிப்போகும். நம் தோலுக்கு ராஜா, கறுப்புதான். கலர் கட்டாயம் வேண்டுமென்றால், அடர் நிறங்களைக் கேளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மைகளில் அலர்ஜி அதிகம் தருவது சிவப்பு.

தமிழ் எழுத்தா? டபுள் செக் அவசியம்!

தமிழில் குத்திக்கொள்வது இப்போது டிரெண்ட். ஆனால், நம் எழுத்துகளில் சுழி அதிகம். 'ண', 'ன' இரண்டையும் சின்னதாக எழுதினால் சில வருடங்களில் எது எதுவென்றே தெரியாது. 'இ', 'ஞ', 'ணை' எல்லாம் மைப்பொட்டாகிவிடும். புள்ளியின் கதையைத்தான் சொல்லிவிட்டேனே!

இன்னொரு ஆபத்து, கம்ப்யூட்டர். தமிழுக்குச் செட் செய்யப்படாத டிசைன் சாஃப்ட்வேரில் எழுத்தை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். 'கொ' என்பது கொம்பு தனி, 'க' தனி, கால் தனி என்று சிதறும். தமிழ் படிக்கத் தெரியாத ஆர்ட்டிஸ்ட் அதை அப்படியே ஸ்டென்சில் எடுத்துவிடுவார். பேப்பரில் ஒருமுறை, தோலில் ஸ்டென்சில் ஒட்டிய பிறகு ஒருமுறை என இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். தமிழ் நன்றாகத் தெரிந்த இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

லவ்வர் பேர்... யோசிச்சீங்களா?

அறிவுரை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நயன்தாரா தன் கையில் இருந்த பெயரைப் பின்னாளில் 'பாசிட்டிவிட்டி' என்று மாற்றிக்கொண்டது ஊருக்கே தெரியும். அவருக்கு எழுத்து ஒத்துவந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. பழைய டாட்டூவை மறைக்கும் 'கவர்-அப்', பெரும்பாலும் முதல் டிசைனைவிடப் பெரிதாகவும் கறுப்பாகவும்தான் இருக்கும். லேசரில் எடுக்கலாம் என்றால், ஒரே முறையில் முடியாது. சில வாரங்கள் இடைவெளி விட்டுப் பலமுறை போக வேண்டும். கறுப்பு ஓரளவு சுலபமாகப் போகும். பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் அடம்பிடிக்கும். மாநிறத் தோலில் அந்த இடமே வெளுத்துப்போகும் வாய்ப்பும் உண்டு.

யூனிஃபார்ம் கனவு இருக்கா? இதைப் படிச்சிட்டுப் போங்க

என் சித்தி பையன் வலது முன்கையில் சிங்க முகம் குத்தியிருந்தான். எழுத்துத் தேர்வில் பாஸ், ஓட்டத்தில் பாஸ். மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், அதோடு முடிந்தது. இரண்டு வருட உழைப்பு!

சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வு விதிப்படி, இடது முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டுமே டாட்டூவுக்கு அனுமதி. வலது கை சல்யூட் அடிக்கும் கை என்பதால் அந்த முன்கையில் கூடாது. மதச் சின்னம், பெயர் போன்றவற்றுக்கு அனுமதி உண்டு. ஆனால், அளவு அந்தப் பகுதியில் கால்வாசிக்கும் குறைவாக இருக்க வேண்டும். ராணுவத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்பக்கமும், புறங்கையும் ஓகே. மரபாகப் பச்சை குத்தும் பழங்குடியினருக்கு மட்டும் தனி விலக்கு இருக்கிறது.

பல விமான நிறுவனங்களும், சீருடைக்கு வெளியே தெரியும் டாட்டூ இருந்தால் கேபின் க்ரூ வேலைக்கு எடுப்பதில்லை. எந்த வேலைக்குத் தயாராகிறீர்களோ, அதன் அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

ரத்ததானம் செய்பவரா? டாட்டூ குத்திய நாளிலிருந்து 12 மாதங்களுக்கு ரத்தம் கொடுக்க முடியாது.

புக் பண்றதுக்கு முன்னாடி 5 டெஸ்ட்

1. *வால்பேப்பர் டெஸ்ட்:* டிசைனை போனின் லாக் ஸ்க்ரீனில் மூன்று மாதம் வையுங்கள். நடுவில் மாற்றத் தோன்றினால், விட்டுவிடுங்கள்.

2. *மூணடி டெஸ்ட்:* போனில் ஜூம் செய்து பார்ப்பதை நம்பாதீர்கள். நிஜ அளவில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். புரியவில்லையா? பெரிதாக்குங்கள், அல்லது நுணுக்கத்தைக் குறையுங்கள்.

3. *ஸ்டிக்கர் டெஸ்ட்:* அதே டிசைனைத் தற்காலிக ஸ்டிக்கராக அந்த இடத்தில் ஒட்டி ஒரு வாரம் சுற்றுங்கள். ஆபீஸ், வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் போய்வாருங்கள். கடற்கரையிலும் திருவிழாவிலும் போடும் 'கறுப்பு மெஹந்தி' மட்டும் வேண்டாம். அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனம் தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

4. *பழைய போட்டோ டெஸ்ட்:* இணையத்தில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் குத்திய அன்றே எடுத்த படங்கள். ஆர்ட்டிஸ்டிடம், "ரெண்டு வருஷம் ஆன டாட்டூ போட்டோ இருக்கா?" என்று கேளுங்கள். அவர் திறமை தெரிவது அதில்தான்.

5. *நேரா நில்லு டெஸ்ட்:* ஸ்டென்சில் ஒட்டிய பிறகு எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். கையைத் திருப்பினால் தோலும் திரும்பும். மேஜையில் நேராகத் தெரிந்த கோடு, நிற்கும்போது கோணலாகத் தெரியலாம். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். ஊசி படும் வரைதான் நமக்கு உரிமை!

அன்னைக்கு கவனிக்க வேண்டியவை

ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். மை சின்னக் கிண்ணத்தில் உங்களுக்காகத் தனியாக ஊற்றப்பட வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி எல்லாமே ஊசி வழியாகப் பரவக்கூடியவை என்பதால் இதில் சமரசமே வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகவும். கர்ப்பிணிகள் தள்ளிப்போடவும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும்.

மேல்தோல் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை நீச்சல், கடல் குளியல், நேரடி வெயில் கூடாது. உரியும் தோலைச் சொறிந்து எடுத்தால் மையும் சேர்ந்து வரும். ஆறிய பிறகு, வெளியே கிளம்பும்போதெல்லாம் சன்ஸ்கிரீன். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் ஸ்டூடியோவுக்கு மெசேஜ் தட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

என் விரலில் 'அமமா' அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த டாட்டூவுக்கு இடம் பார்த்தாச்சு, இடது முன்கை. டிசைன், பாட்டியின் கையில் இருக்கும் அந்தக் கோலம். போட்டோ எடுத்து லாக் ஸ்க்ரீனில் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பாட்டியிடம் சொன்னபோது, கையை நீட்டி ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்: "புள்ளியைப் பெருசா வைக்கச் சொல்லு!"