வினா யாருடையது? பேராக் தமிழ்ப்பள்ளிகளின் நோக்கில் அறிவியல் கலைத்திட்ட ஆவணம்

பள்ளி வட்டாரத்தில் கலைத்திட்டம் என்னும் சொல் வகுப்பில் நடப்பதையும், தேர்வில் கேட்கப்படுவதையும், கல்வி அமைச்சு அச்சிட்டுத் தருவதையும் ஒருசேரக் குறித்துவிடுவதால், இம்மூன்றில் எது மதிப்பிடப்படுகிறது என்பதை முதலில் வரையறுத்தாக வேண்டும். இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது மூன்றாவது, அதாவது எழுதப்பட்ட கலைத்திட்டம். மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 2011இல் அறிமுகமாகி, 2017 முதல் சீராய்வு பெற்ற வடிவில் வழங்கும் தர அடிப்படைக் கலைத்திட்டத்தின் அறிவியல் ஆவணம், வினவிக் கற்றலைத் தன் முதன்மை அணுகுமுறைகளுள் ஒன்றாகக் கொள்கிறது; தகவல் தேடுதல், கேள்வி எழுப்புதல், சுற்றிலும் நிகழ்வனவற்றைத் துருவி ஆராய்தல் ஆகியவை சேர்ந்ததே அது என்றும் விளக்குகிறது. அந்த விளக்கத்தைக் கொண்டே ஆவணத்தை அளப்பதுதான் நியாயம்.

அதற்கு உதவுவது, சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஷ்வாப் 1960களில் முன்வைத்து, ஹெரோன் 1971இல் விரிவாக்கிய படிநிலை. வினா, வழிமுறை, விடை ஆகிய மூன்றும் முன்கூட்டியே தரப்பட்டிருந்தால் அச்செயல் வெறும் சரிபார்த்தல். விடை மட்டும் மாணவரிடம் விடப்பட்டால் முதற்படி. வழிமுறையும் விடப்பட்டால் இரண்டாம் படி. வினாவையே மாணவர் எழுப்பினால் மூன்றாம் படி.

மூன்றாம் ஆண்டின் அமிலம், காரம் பற்றிய அலகை இப்படிநிலையில் வைத்துப் பார்க்கலாம். லிட்மஸ் தாளின் நிறமாற்றத்தைக் கொண்டு பொருள்களை அமிலம், காரம், நடுமை எனப் பிரிக்கச் சொல்லும் கற்றல் தரம் முதற்படியைத் தாண்டுவதில்லை. ஆனால், லிட்மஸுக்கு மாற்றாக வேறு எவற்றைப் பயன்படுத்தலாம் எனத் தேடச் சொல்லும் இன்னொரு கற்றல் தரம் இரண்டாம் படியைத் தொடுகிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் அது சிவந்துவிடுவதை ஆரத்தித் தட்டில் பலமுறை பார்த்த பிள்ளைக்கு இதன் விடை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதால், ஆவணத்தின் மிகச் சிறந்த வரிகளுள் இதுவும் ஒன்று எனலாம். மூன்றாம் படிக்கு அலகில் இடமில்லை.

இது ஓர் அலகில் நேர்ந்த விடுபாடு அன்று. உற்றறிதல், வகைப்படுத்துதல் முதலாகக் கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல் ஈறாக ஆவணம் அடுக்கும் 12 அறிவியல் செயற்பாங்குத் திறன்களில் வினா எழுப்புதல் தனித் திறனாகக் காணப்படவில்லை. முன்னுரையில் வரையறையின் பகுதியாக நின்ற ஒன்று பட்டியலுக்குள் வரும்போது காணாமற்போகிறது. கருதுகோளுக்குள் வினா அடங்கிவிடும் என்று இதற்கு மறுப்புச் சொல்லப்படலாம். கருதுகோளோ பிறர் தந்த வினாவுக்கும் எழுதக்கூடியதே.

130க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட பேராக்கில் இக்குறையின் விளைவு துலக்கமாகத் தெரிகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகமே பள்ளி அமைக்க வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் நிழலில் வளர்ந்த இப்பள்ளிகள் பலவற்றில், சூழல்சார்ந்த எடுத்துக்காட்டு என்றதும் ரப்பர்ப் பால் நினைவுக்கு வருவது இயல்பு. மங்கு என்னும் கிண்ணத்தில் சேர்ந்த பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலமும் உறையாமல் காக்க அம்மோனியா என்னும் காரமும் சேர்ப்பர் என்பதால், அந்த எடுத்துக்காட்டு அலகுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆயினும் பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டு, குடும்பங்கள் தோட்ட லயத்திலிருந்து தாமான் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்த பின், மங்கைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைக்கு அது பாட்டியின் அறிவியல். ஆசிரியரின் ஏக்கத்தை மாணவரின் சூழல் என்று எண்ணிக்கொள்வது பிழை.

ஈப்போப் பிள்ளையின் சூழல் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகளோடு நடக்கும் பிள்ளை, குகையின் கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்குவதைக் காண்கிறது. 1973இல் அக்குன்றின் பாறை சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கவும் கூடும். கல் எப்படிக் கரைகிறது, ஏன் விழுகிறது என்ற கேள்வி அங்கே தானாகவே எழும். அக்கல்லின் துண்டொன்றில் புளிக்காடியை ஊற்றினால் நுரைத்துக் குமிழிவிடும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகும் மழைநீர் இதையே பன்னெடுங்காலமாகச் செய்துவருகிறது. இதை வகுப்புக்குக் கொண்டுவர ஆவணம் தடை விதிக்கவில்லை. அதன் குறிப்புப் பத்தி இடமும் தருகிறது. ஆனால் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு அது எந்த மதிப்பும் தருவதில்லை.

2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்ட பிறகு, தேர்வு நெருக்கடி என்ற பழைய காரணத்தைச் சொல்ல வழியில்லை. இப்போது ஆசிரியர் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளையே வகுப்பறை மதிப்பீட்டில் பதிகிறார். எனவே, 2027இல் தொடங்கும் என அறிவிக்கப்பட்டுள்ள புதிய கலைத்திட்டம் வினா எழுப்புதலைப் பதின்மூன்றாம் திறனாகப் பட்டியலில் சேர்த்தாலும், அடைவுநிலை அட்டவணையில் அதற்கு ஒரு வரி ஒதுக்காவிட்டால், கல்லுமலையைப் பற்றிக் கேட்ட பிள்ளையின் பெயருக்கு நேரே ஆசிரியர் எழுதுவதற்கு எதுவும் இருக்காது.