மறைந்த படமாளிகை: றீகல் அரங்கும் தீவக மக்களும்

வரலாறு என்றவுடன் அரசரையும் கோட்டைகளையும் திருக்கோயில்களையும் நினைந்துகொள்வது நம்மவர் வழக்கம். கல்வெட்டும் செப்பேடும் உள்ள இடத்துக்கே வரலாறு உண்டென்னும் எண்ணம் நம்மிடை ஆழ வேரூன்றிவிட்டது. ஆயின், இரண்டு மூன்று தலைமுறை மக்கள் நாள்தோறும் கூடிச் சிரித்தும் அழுதும் உலகை அறிந்தும் சென்ற இடமொன்று சுவடின்றி மறைந்துபோமாயின், அதனை வரலாற்று மாணவன் புறக்கணித்தல் தகுமோ? யாழ்ப்பாணக் கோட்டையின் அயலில் ஒருகாலத்தில் விளங்கிய றீகல் படமாளிகையை முன்வைத்து இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சியைத் தீவகத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். ஊர்காவற்றுறை பழைய துறைமுகப்பட்டினம். போர்த்துக்கேயர் துறைமேடையைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லால் அதனைச் சுட்டினர். யானைகள் அங்கிருந்து கப்பலேற்றப்பட்டன. துறைமுக வாயிலில், கடல் நடுவே, அம்மன்னீல் கோட்டை இன்றும் நிற்கின்றது. யாழ்ப்பாணக் கோட்டையும் போரிற் பெரிதும் சிதைந்ததாயினும், 2009 இன் பின்னர் ஒல்லாந்து நாட்டின் துணையோடு அதனைப் புதுக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அந்நியர் நம்மை ஆள எழுப்பிய கோட்டைகள் இரண்டும் காக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகே நம் மக்கள் தம் விருப்பிற் கூடிய மாளிகை மட்டும் இல்லாதொழிந்தது. இம்முரண்பாடு சிந்திக்கற்பாலது.

தமிழரிடைப் படக்காட்சி பரவிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1905 ஆம் ஆண்டில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ற் என்பார் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊரூராகப் படங் காட்டினார். 1914 இல் அவர் கோயம்புத்தூரில் வெறைற்றி ஹால் என்னும் நிலையான அரங்கை அமைத்தார். அதே ஆண்டிற் சென்னையில் இரகுபதி வெங்கையா கெயிற்றி என்னும் படமாளிகையைக் கட்டினார். இலங்கையில் 1928 இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1931 இற் 'காளிதாஸ்' வெளிவந்ததும் ஊமைப்படம் தமிழ் பேசும் படமாயிற்று. படிப்பறியாதவரும் கண்டும் கேட்டும் இன்புறத்தக்க கலையொன்று அன்றே நம்மிடம் வந்தடைந்தது எனலாம்.

யாழ்ப்பாண நகரில் றீகல், வெலிங்டன், வின்சர், ராணி, மனோகரா, சிறீதர், லிடோ, ராஜா எனப் படமாளிகைகள் பல காலத்துக்குக் காலம் விளங்கின. இவற்றுட் பெரும்பாலானவை தமிழ்ப் படங்களுக்கே உரியனவாக, றீகல் ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. முற்றவெளியின் காற்றும் பண்ணைக் கடலின் உப்பும் வந்து மோதும் இடத்தில் அது நின்றது. கல்லூரி மாணவரும் ஆசிரியரும் அரசாங்க எழுதுவினைஞரும் அதனை நாடினர். வகுப்பறையில் ஆங்கில இலக்கணம் கற்றவர்கள் அம்மொழி வாழும் மனிதர் வாயில் எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை அங்கே கேட்டறிந்தனர்.

தீவக மக்களுக்குப் படம் பார்த்தல் ஒரு சிறு யாத்திரையையே ஒத்தது. ஊர்காவற்றுறையார் வேலணையூடாகப் பண்ணைத் தாம்போதி கடந்தும், காரைநகர்ப் பக்கமாகச் செல்ல விரும்புவோர் கடற்கால்வாயிற் 'பாதை' ஏறியும் நகரை அடைவர். நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் முதலில் வள்ளப் பயணம், அதன்பின்னரே பேருந்து. கடல் கொந்தளிக்கும் வாடைக் காலத்தில் வள்ளம் ஓடுமோ ஓடாதோ என்பதே ஐயம். ஆதலின் பட்டணத்துக்கு வேறு கருமமாக வருபவர், ஆசுபத்திரிக்கோ கச்சேரிக்கோ சந்தைக்கோ வந்த வேலை முடிந்தபின், பகற்காட்சியைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க விரைவர். படத்தின் முடிவைக் காணாமலே எழுந்தோட நேர்வதும் உண்டு. முடிவு காணாத கதையை ஊரிற் சொல்லுங்கால் அவரவர் தத்தம் விருப்பப்படி முடித்துக்கொள்வதும் இயல்பே. இவ்வாறு ஒரு படம் ஊருக்குள் வருமுன்னரே அதன் கதை வந்துவிடும்.

அக்காலப் படமாளிகையின் உள்வேலைகளையும் அறிதல் நன்று. படச்சுருள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 அடி நீளமுடையது. ஒரு செக்கனுக்கு 24 படங்கள் வீதம் ஓடும்போது அது பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று மணிநேரப் படத்துக்கு 16,000 அடியளவான சுருள் வேண்டும். ஆகவே கருவிகள் இரண்டு வைத்து, ஒன்றிற் சுருள் முடியுந் தறுவாயில் மற்றையதை இயக்குவர். கரிக்கோல்கள் இரண்டின் முனைகளுக்கிடையே எழும் மின்சுடரே ஒளியாகும். அக்கோல்கள் எரிந்து தேயத் தேய அவற்றை நெருக்கிவிட்டுக்கொண்டு, அனல் வீசும் சிற்றறையில் இயக்குபவர் நிற்பார். திரையில் ஒருகணம் இருள் சூழ்ந்தால் கலரியிலிருந்து எழும் கூச்சலும் சீழ்க்கையும் அவரையே சாரும். அவர் பெயரை எந்தச் சுவரொட்டியும் அச்சிட்டதில்லை. அனுமதிச்சீட்டுக் கிழித்தவர், இருளிற் கைவிளக்கேந்தி இருக்கை காட்டியவர், வாயிலிற் கடலை விற்றவர், பாட்டுப் புத்தகம் விற்றவர் ஆகிய எல்லோரும் அவ்வாறே பெயரற்றுப் போயினர்.

இனி, இக்கட்டுரையின் முதன்மையான பொருளுக்கு வருவாம். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் தமிழ்ச் சினிமாவைப் பற்றி ஆராய்ந்தவிடத்து, தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் படமாளிகையே என்றும், அங்கே இருக்கை பிறப்பால் அன்றிக் கொடுக்கும் பணத்தால் வரையறுக்கப்பட்டது என்றும் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணத்தாருக்கு இக்கருத்தின் ஆழம் நன்கு விளங்கும். கோயிலிலும் கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் சாதி பார்த்து இடம் வகுத்த சமூகம் இது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும் அந்நிலை மாறவில்லை. ஆதலினாலன்றோ 1966 ஒக்டோபர் 21 ஆந் தேதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரத்திற் கோயில்வாயிற் போராட்டமும் நிகழ்ந்தது. அத்தகைய காலத்தில், சில சதங்களைக் கொடுத்தவர் எவராயினும் அதற்குரிய இருக்கையைப் பெறலாம் என்னும் விதி சிறிதன்று.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. கலரிக்கும் மேல்வகுப்புக்கும் இடையே சுவர் இருந்தது, அது பணச்சுவர். ஏழைமையும் தாழ்த்தப்பட்ட நிலையும் பெரும்பாலும் ஓரிடத்தே சேர்ந்திருந்தமையின், பணத்தால் வகுத்த இடமும் ஓரளவு பழைய வரிசையையே ஒத்திருந்தது. திரையிற் சமத்துவம் கண்டு கைதட்டியவர் வீடு திரும்பியதும் பழைய மனிதராயினர் என்பதும் மெய்யே. ஆயினும், விதி மாறிய இடத்தில் வழக்கம் மாறுதற்கு வழி பிறக்கின்றது. பிறப்பைக் கேளாத வாயில் ஒன்று உலகில் உண்டென்பதை ஒரு சிறுவன் தன் கண்ணாற் கண்டுகொள்வது, பிற்காலத்தில் வேறு வாயில்களைத் தட்டுதற்கும் துணிவளிக்கும். காவலூர் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு தாங்கிய இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய 'பொன்மணி' 1977 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையையே அது பொருளாகக் கொண்டது. தென்னிந்தியப் படங்களின் பளபளப்பில் தோய்ந்திருந்த மக்கள் அதனைப் பெரிதும் வரவேற்றாரில்லை. கண்ணாடியில் தன் முகத்தைக் காண எவருக்கும் உடனே விருப்பம் வருவதில்லை போலும்.

படமாளிகைகள் மறைந்தமைக்குக் காரணம் ஒன்றன்று. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றி இறக்குமதியைத் தன்வசப்படுத்தியபின் தென்னிந்தியப் படங்களின் வரவு கட்டுப்பட்டது. 1980 களில் வீடியோவும் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் நுழைந்தன. போர் மூண்டதும் ஊரடங்கு இரவுக்காட்சியை ஒழித்தது. 1990 இற் கோட்டை முற்றுகையின்போது அதனைச் சூழ்ந்த நிலப்பரப்பு பெருஞ் சிதைவுற்றது. அவ்வாண்டு முதல் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லாதொழிந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே வெறுமையாயிற்று. பார்க்க வந்தோரும் இல்லை. பார்க்கப்பட்ட மாளிகையும் இல்லை. றீகல் இப்பேரழிவினுள் மறைந்தது. சிறீதர் அரங்கோ ஓர் அரசியற் கட்சியின் அலுவலகமாக மாறிற்று.

அழிவுக்குப் போர் மட்டுமே காரணமென்று அமைந்துவிடுதலும் கூடாது. மதுரையில் 1952 ஆம் ஆண்டுத் தீபாவளியிற் 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கு 2,500 பேருக்கு மேல் அமரத்தக்கது. ஆசியாவிலேயே பெரியதென்று புகழப்பட்டது. அங்கே குண்டு விழவில்லை. ஆயினும் அது இடிக்கப்பட்டு விட்டது. சென்னைக் கெயிற்றியும் அவ்வாறே ஆயிற்று. நிலத்தின் விலை உயர்ந்தது. மக்களின் பொழுதுபோக்கு மாறியது. ஆகவே மாளிகை வீழ்ந்தது. வேறுபாடு யாதெனில், மதுரையார் தம் அரங்கு இடிபடுவதை நின்று கண்டனர்; அதன் கதையை எழுதி வைத்தனர். நம்மவரோ உயிரைக் காத்துக்கொண்டு ஓடியவர்கள். திரும்பி வந்தபோது வெறுநிலத்தையே கண்டனர். அழிந்ததைக் காணவும் அழுது தீர்க்கவும் அவர்க்கு ஓய்வு கிட்டவில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டதை நாம் மறவோம், மறத்தலும் ஆகாது. அதே இரவில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிந்தது. அன்றைய படக்காட்சி விளம்பரங்கள் பலவற்றைத் தாங்கிய இதழ் அது என்பதனைப் பலரும் எண்ணுவதில்லை. நூலகத்தின் இழப்போடு படமாளிகையின் இழப்பை ஒப்பிடுதல் முறையன்று. எனினும், படித்தவர்க்கு நூலகம் எத்தகையதோ, படியாதவர்க்கு ஓரளவு படமாளிகை அத்தகையது. உலகம் தம் ஊரினும் பெரிதென்பதை இரண்டுமே கற்பித்தன.

மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. றீகலில் அமர்ந்து படம் பார்த்தோர் இன்று முதியோராய் ஊரிலும் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். கிழிந்த அனுமதிச்சீட்டு, மங்கிய துண்டுப்பிரசுரம், பாட்டுப் புத்தகம் முதலியன சிலர் பெட்டிகளில் இன்னும் இருத்தல் கூடும். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் நம் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்து வருகின்றனர். வாய்மொழி வரலாறும் அவ்வாறு சேர்க்கற்பாலது. எந்த இருக்கை எவ்வளவு விலை, எவர் எங்கே அமர்ந்தனர், பெண்கள் எப்பொழுது வந்தனர், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பன போன்ற சிறு வினாக்களைத் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டெழுதுதல் எந்த மாணவருக்கும் இயல்வதே. கோட்டையைப் பேணக் கல்லும் சுண்ணாம்பும் வேண்டும். அவற்றுக்குப் பொருள் வேண்டும். இதற்கோ ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். ஆனாற் காலம் மட்டும் மிகுதியாக இல்லை. சொல்லவல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

2013 இல் யாழ்ப்பாண நகரிற் புதிய வணிகக் கட்டடமொன்றினுள்ளே குளிரூட்டிய திரையரங்குகள் திறக்கப்பட்டன. தீவகத்து இளைஞர் இன்று மோட்டார் சைக்கிளிற் பண்ணையைக் கடந்து வந்து படம் பார்த்துச் செல்கின்றனர். அவர்கள் கடக்கும் அவ்வழியிலேயே, கோட்டைக்கு அண்மையில், முன்னொருகால் அவர்தம் முன்னோர் இருளில் ஒன்றாயமர்ந்த மாளிகை நின்றது என்பதனை அவர்க்கு அறிவித்தல் வரலாற்றுக் கல்வியின் கடமையாகும்.