பருவமும் பக்குவமும்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் (கி.பி. 625) உஹதுப் போருக்குப் படை திரண்டபோது, 14 வயதினரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு அண்ணலார் (ஸல்) திருமுன் வந்து நின்றார். அண்ணலார் இசையவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அகழ்ப் போரின்போது 15 வயதினராக அவர் மீண்டும் வந்து நின்றார், அனுமதி கிடைத்தது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. பின்னாளில் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் இதனைக் கேட்டு, சிறாருக்கும் பெரியோருக்கும் இடையிலான எல்லை இதுவே என வகுத்தார். ஆள்பலம் மிகவும் தேவைப்பட்ட வேளையிலும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய படை அது.

உடல் முதிர்வதும் உள்ளம் முதிர்வதும் ஒன்றல்ல என்பது நம் மார்க்கச் சட்டத்தின் நுட்பங்களுள் ஒன்று. முன்னது புலூக், அதாவது பருவம். பின்னது ருஷ்து, அதாவது பக்குவம். அநாதைகள் பருவமடைந்த மாத்திரத்தே அவர்தம் பொருளைக் கொடுத்துவிடாமல், பக்குவம் உண்டா எனச் சோதித்தறிந்து ஒப்படைக்குமாறு 'அந்நிஸா' அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. பக்குவம் புலப்படாவிடின் 25 வயது வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து. பருவத்துக்கும் பக்குவத்துக்கும் நடுவிலுள்ள இந்தக் காலத்தில்தான் மனிதன் தன்னைத் தானே அறிகிறான். முதற்காதல் அரும்புவதும் அப்போதுதான். போர் பறித்துக்கொள்வது இக்காலத்தையே.

காதலைப் பற்றி ஓர் ஆலிம் பேசலாமா என ஐயுறுவோர், அந்தலூஸ் நாட்டு மார்க்கச் சட்ட அறிஞர் இப்னு ஹஸ்மை (994-1064) நினைவுகூர்தல் நலம். காதலின் இயல்பை ஆராய்ந்து 'தவ்குல் ஹமாமா' என்னும் நூலை இயற்றியவர் அவர். புறாவின் கழுத்து வளையம் என்பது அப்பெயரின் பொருள். 1009இல் மூண்ட உள்நாட்டுப் போர் அவரது குர்துபா நகரைச் சிதைத்தது. தம் இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண்ணை இளமையில் நேசித்ததையும், 1013இல் ஊரை விட்டு நீங்கி 1019இல் திரும்பியபோது அவளது எழில் முற்றும் வாடி, அடையாளம் காணவும் அரிதாகியிருந்ததையும் அந்நூலில் அவர் எழுதுகிறார். அந்நகரின் அழிவைக் கூறிய வரலாற்றாசிரியர் பலர். அவ்வழிவு ஒரு பெண்ணின் முகத்தில் எழுதிச் சென்றதைக் கூறியவர் இவர்.

இவை தொலைவிடத்துப் பழங்கதைகள் அல்ல. தூத்துக்குடிக்குக் கிழக்கே விரிந்துள்ள மன்னார் வளைகுடாவின் அக்கரையிலும் இதுவே நிகழ்ந்தது. சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், நம் கரையின் பரதவரும் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் கடல் கடந்து சென்று வந்தனர். 1905ஆம் ஆண்டுச் சிலாபத்தில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இரு கரையாரும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த கடல் அது.

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் 2 மணி நேரமே. முத்துச் சிலாபத்துக்குப் பேர்போன முசலிப் பகுதியும் வெறிச்சோடியது. மக்கள் புத்தளம், கற்பிட்டி முகாம்களில் ஒதுங்கினர்.

வரலாற்று நூல்களில் எண்ணாக நிற்கும் இந்நிகழ்ச்சியை ஒரு பிள்ளையின் கண்வழியே காட்டியது, சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' (2003) என்னும் திரைப்படம். அதிலுள்ள மூன்று கதைகளுள் ஒன்று 11 வயது முஸ்லிம் சிறுவன் அரஃபாத்தின் கதை. ஊரே வெளியேறுகையில் தன் நாயையும் உடன் கொண்டுசெல்ல அவன் தவிக்கிறான். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்னும் நபிமொழியை ஓதி வளர்ந்த நமக்கு அத்தவிப்பு விளங்காமற் போகாது. வீடும் காணியும் பெரியோரின் இழப்பு. அப்பிள்ளைக்கோ, தான் அன்பு செலுத்திய ஓர் உயிரைக் காக்கத் தன்னால் இயலுமா என்பதே கேள்வி. பருவம் வருமுன்னரே பக்குவத்தின் சோதனை அவனை வந்தடைந்துவிட்டது.

சந்தோஷ் சிவனின் 'இனம்' (2014) இளம்பருவத்தினரின் கதை. ஈழப் போரினிடையே ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் வளரும் பிள்ளைகளின் நட்பும் காதலும் சிதறுவதை, அகதியாகத் தமிழகக் கரை சேர்ந்த ரஜினி என்னும் பெண் எடுத்துரைக்கிறாள். தமிழருக்கு எதிரான படம் என்ற கண்டனம் எழவே, மார்ச் 28 அன்று வெளியான படம் சில நாட்களுக்குள் திரையரங்குகளினின்றும் விலக்கிக்கொள்ளப்பட்டது. அக்கண்டனத்தில் உண்மை எவ்வளவு என்பதைப் பார்த்தோர் வாதிட்டு முடிவு செய்திருக்கலாம். அதற்கு இடமின்றிப் போயிற்று. இயக்கத்தார் கையில் ஆயுதம் திணித்த சிறாரும், அரசுப் படையின் எறிகணைக்கு இரையான சிறாரும் அம்மண்ணின் பிள்ளைகளே. உஹதில் திருப்பி அனுப்பப்பட்டது போல் அவர்களைத் திருப்பி அனுப்புவார் இல்லை.

2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தது. 1990இல் அரஃபாத்தின் வயதில் புத்தளம் சென்றோர் இன்று நடுவயதினர். முகாமின் ஓலைக்குடிசையில் பருவமெய்தி, அங்கேயே மணமுடித்தோர் அவர்களுள் உளர். அவர்தம் இளமையைத் தமிழில் விரிவாகச் சொல்லும் பணி இன்னும் நிறைவெய்தவில்லை. இக்கரையில் உள்ள நமக்கும் அதில் பங்குண்டு.

மேலே கூறிய 'அந்நிஸா' வசனம் இன்னொன்றையும் பணிக்கிறது. அநாதைகளின் பொருளை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. இப்பிள்ளைகள் இழந்த இளமையைத் திருப்பி ஒப்படைக்க எவராலும் இயலாது. அவர்கள் இழந்தது இன்னதென்று சாட்சி கூறுவது மட்டும் நம்மால் இயலும். கதையோ கட்டுரையோ திரைப்படமோ, அச்சாட்சியை நேர்மையுடன் அளிக்க வல்ல நாயன் அருள்வானாக!